கும்மிடிப்பூண்டி லோக்கலும் விசிறித்தொண்டை ஓணானும்

பாம்பு, பல்லி, தவளை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பித்தர்களுக்கென்று சில ஊர்கள் உண்டு. ராஜநாகத்துக்கு ஆகும்பே, மரத்தவளைகளுக்கு மூணாறும் வால்பாறையும், கையில் காசு இருந்தால் போர்னியோ. சென்னை மூர்மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடியுங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கேட்டதில்லை. எண்ணூரைத் தாண்டினால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், பொன்னேரிப் பக்கம் கொஞ்சம் நெல்வயல், கடைசியில் சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள். இங்கே என்ன இருக்கப்போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

தேடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு என்பது என் கட்சி. மழைக்காட்டில் இனங்கள் அதிகம்தான். ஆனால் ஒன்றைக் கண்ணால் காண இலைக்குவியலோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் மரம் குறைவு, வெட்டவெளி அதிகம். அதோடு, அரைநாள் பைக் பயணத்துக்குள் மூன்று வேறு வேறு நிலங்கள் வந்துவிடுகின்றன. கிழக்கே பழவேற்காடு; ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. நடுவே ஆரணியாற்றையும் கொசஸ்தலையாற்றையும் ஒட்டிய ஏரிகளும் வயல்களும். மேற்கே பூண்டி, குடியம் பக்கம் களாவும் காரையும் மண்டிய முட்புதர்க்காடு; அதற்கும் வடக்கே ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலை.

எதை, எங்கே, எப்போது தேடுவது? இதற்கு விடை இரண்டு சொற்களில் அடங்கும்: சூடு, ஈரம். ஊர்வனவும் இருவாழ்விகளும் தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலிடமும் கல்லிடமும் மண்ணிடமும் கடன் வாங்குகின்றன. உள்ளே அடுப்பு எரியாததால் அவற்றுக்குத் தீனிச் செலவு மிகக் குறைவு. அதே எடையுள்ள எலிக்கு வேண்டிய உணவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே ஓர் ஓணான் காலம் தள்ளிவிடும். பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும். இந்தச் சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை, நினைத்த நேரத்தில் நடமாட முடியாமை. செதில் போர்த்த ஓணான் வெயிலைத் தாங்கும். நீரும் காற்றும் ஊடுருவுகிற மெல்லிய தோலுடைய தவளை தாங்காது. ஆகவே ஓணானைத் தேடுகிறவர் தரையின் சூட்டைக் கவனிக்க வேண்டும், தவளையைத் தேடுகிறவர் வானத்தை.

முதலில் பகல். கோடை தொடங்கும் மாதங்களில், காலை ஒன்பது மணி வாக்கில், புல் குறைந்த மணல் தரையிலோ ஏரிக்கரைச் சரளையிலோ நின்று சிறு கல், மண்கட்டி இவற்றின் உச்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். விசிறித்தொண்டை ஓணானின் ஆண் அங்கேதான் ஏறி நிற்கும். விரல் நீளத்துக்கு உடல், அதைவிட நீண்ட வால். தொண்டைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் தோலைச் சட்டென்று விரித்து, மடக்கி, மறுபடி விரிக்கும். பெண்ணுக்கு அழைப்பு, பக்கத்துக் கல்லில் நிற்கும் ஆணுக்கு எச்சரிக்கை, இரண்டும் அந்த ஒரே விசிறியில். துரத்தினால் பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடும். பல்லி, ஓணான் குலத்தில் பின்னங்காலுக்கு ஐந்து விரல் என்பதே வழக்கம், இதற்கு நான்குதான். புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே இதற்குச் சிட்டானா பாண்டிசெரியானா என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளாக இந்தியா முழுக்க ஓரிரு இனங்களே என்று எண்ணியிருந்தார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மரபணுவையும் விசிறியின் அளவையும் ஒப்பிட்டுப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். 2016இல் தென் தமிழகத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஒன்றின் பெயர் சிட்டானா மருதம்நெய்தல். ஆக, விரித்த விசிறியோடு பக்கவாட்டில் எடுத்த ஒரு தெளிவான படம் வெறும் அழகுக்கானது மட்டுமல்ல. அடையாளத்தின் பாதி அந்த விசிறியில் இருக்கிறது.

படமெடுப்பதிலும் சூட்டின் கணக்கு உதவும். விடிந்து சிறிது நேரம்வரை ஓணானின் உடல் குளிர்ந்திருக்கும். அருகே போகலாம், ஆனால் விசிறி விரியாது. நன்றாகச் சூடேறியபின் விரியும், ஆனால் நெருங்க விடாது. இடைப்பட்ட நேரம் குறுகியது. மார்பைத் தரையில் பதித்துப் படுத்து, அதன் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, அசையாமல் கிடப்பதுதான் ஒரே வழி. நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் எந்த ஓணானும் மிதிபட்ட இலைபோலத்தான் தெரியும்.

ஆனாலும் பகலைவிட இரவே தேடலுக்கு உகந்தது. இதைக் கேட்டால் புதியவர்கள் நம்புவதில்லை. பகலில் சீமைக்கருவேலம் புதருக்குள் ஒரு பச்சோந்தியைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது அதிர்ஷ்டம். இரவில் அதே பச்சோந்தி தூங்கும்போது உடல் வெளிறிவிடும். டார்ச் ஒளியில் கரும்பச்சைப் பின்னணியில் தனித்துத் துலங்கும். தோட்டத்து ஓணானும் அப்படியே. இரண்டும் உறங்குவது மெல்லிய கொப்புகளின் நுனியில். பாம்போ பூனையோ ஏறிவந்தால் கிளை அதிரும், விழித்துக் குதித்துவிடலாம் என்பதே ஏற்பாடு. ஆகவே இரவில் புதரின் நடுவைத் துழாவ வேண்டாம். வெளி நுனிகளின் மேல் வெளிச்சத்தை ஓட்டினால் போதும். கிளையைத் தொடாமல் எடுத்தால் அது தூக்கம் கலையாமலேயே இருக்கும்.

டார்ச்சை எங்கே பிடிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கையைத் தொங்கவிட்டு இடுப்பளவில் பிடித்தால் தவளை தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்காக இருந்தால் ஏரிக்கரை முழுக்கக் கண்கள் மின்னும். விலங்கின் விழிக்குள் போன ஒளி பெரும்பாலும் வந்த பாதையிலேயே திரும்புகிறது. அந்தப் பாதைக்கு அருகில் நம் கண் இருந்தால்தான் மினுக்கம் தெரியும். பொடிப்பொடியாகப் புல்லெங்கும் பச்சையாக மின்னினால் அவை சிலந்திகள். நீரோரத்தில் கொஞ்சம் பெரிதாக மின்னினால் பெரும்பாலும் தவளை. பாம்பின் கண் இப்படி மின்னாது; அதை உடலின் வளைவை வைத்தும் செதிலின் பளபளப்பை வைத்தும்தான் பிடிக்க வேண்டும்.

இனி மழை. திருவள்ளூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அதற்கு முன்னால் கோடை முடிவிலும் ஆடி ஆவணியிலும் மாலை இடிமழை வருவதுண்டு. ஏதாவது ஒரு நல்ல மழை தரையை நனைத்து வயலோரப் பள்ளங்களில் நீர் தேங்கிய அன்றிரவு வேறெங்கும் போகாதீர்கள். மாதக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடந்தவை எல்லாம் ஒரே இரவில் மேலே வரும். பின்பாதத்தில் மண்வெட்டி அலகுபோன்ற கெட்டியான புடைப்பு உடைய வளைத்தவளைகள், பின்புறமாகவே மண்ணைக் குடைந்து இறங்கியவை, அதே வழியில் ஏறிவரும். ஊதிய பலூன்போல உருண்டையான, கறையான் தின்று பிழைக்கும் உப்பல் தவளை நீரில் மிதந்தபடி கத்தும். பெரிய வயல் தவளையின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளுக்கு மாறி, கன்னத்தின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு பள்ளத்தை ரணகளமாக்கும். குட்டை வற்றுவதற்குள் முட்டை பொரிந்து தலைப்பிரட்டை வளர்ந்து கரையேற வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

அந்த மஞ்சள் நிறம் எதற்கு? நம் வீட்டு வாசலில் உட்காரும் சாதாரணத் தேரையின் ஆணும் இனப்பெருக்க நேரத்தில் சில நிமிடங்களில் மஞ்சளாகிவிடும். அண்மையில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் தேரை உருவில் மஞ்சள், பழுப்பு மாதிரிகளைச் செய்து நீரில் விட்டுப் பார்த்தார்கள். ஆண் தேரைகள் பழுப்பு மாதிரியைத்தான் தழுவப் போயின. மஞ்சளைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. நூறு தேரைகள் முண்டியடிக்கும் குட்டையில் ‘நானும் ஆண்தான், என் முதுகில் ஏறாதே’ என்று சொல்ல ஒரு வண்ணம். மனிதர்களின் நெரிசல் ரயிலுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும்.

தவளையைக் கண்ணால் அறிவதைவிடக் காதால் அறிவது எளிது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல். இருட்டில் பெண் தன் இனத்து ஆணை அதை வைத்தே தேடி வருகிறது. செல்பேசியில் அரை நிமிடம் பதிவு செய்தால் அது படத்துக்குச் சமமான சான்று, சில சமயம் மேலானது. சிப்காட் வேலியோரக் குட்டைகளில் ஆலை இரைச்சலுக்கும் லாரி ஒலிக்கும் நடுவே அவை கத்துவதைக் கேட்டால், இந்தச் சத்தத்தில் பெண்ணின் காதில் விழுமா என்ற ஐயம் எழும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிர்ஸ்டன் பாரிஸும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியது. போக்குவரத்து இரைச்சல் மிகுந்த இடங்களில் ஒரு மரத்தவளை இனம் சற்று உச்சமான சுருதியில் கத்துவதை அவர்கள் கண்டார்கள். வாகன இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. அதற்கு மேலே குரலை ஏற்றிக்கொள்கிறது தவளை.

தொழிற்பேட்டை சில உயிர்களுக்கு வசதியும் செய்து தருகிறது. வேலியோரச் சோடியம் விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்குத் தேரையும் பல்லியும் வரும். அவற்றுக்குப் பாம்பு வரும். ஆண்டெல்லாம் நீர் ஓடும் கழிவுக் கால்வாயில், நீர்ப்பரப்பின்மேல் தத்தித் தத்திப் போகும் சிறு தவளை குறைவில்லாமல் இருக்கும். அது எதையும் தாங்கும் பிறவி. ஆனால் வளைத்தவளைக்கும் உப்பல் தவளைக்கும் தோண்டுவதற்கு நெகிழ்ந்த மண் வேண்டும். கான்கிரீட் போட்ட முற்றத்தில், கனரக வண்டி ஏறி இறுகிய சவுட்டுத் தரையில் அவற்றுக்குப் படுக்க இடமில்லை. ஓர் இடத்தில் தேரையும் தத்தும் தவளையும் மட்டுமே கண்ணில் பட்டால், மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். எதுவுமே கிடைக்கவில்லை என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள், கிடைக்காததையும் குறித்துக்கொண்டால் அது நல்ல தகவல்.

பாம்பைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தைத் தாண்ட முடியாது. பேசினால் இருளர்களிடம்தான் தொடங்க வேண்டும். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிக்கரைகளில் வாழும் இந்த மக்கள் வரப்பில் எலி வளையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே எலி இருக்கிறதா, அதைத் தின்ற பாம்பு இருக்கிறதா என்று சொல்வார்கள். வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, சிலந்தி வலை கட்டியிருக்கிறதா, சட்டை உரித்துப் போட்டிருக்கிறதா, எச்சம் காய்ந்ததா ஈரமா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகத்துக்குப் பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை முடித்தன. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அங்கே பிடித்துவரும் பாம்புகளிடமிருந்து நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சே முக்கிய மூலப்பொருள். 2017இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே அந்நிய உயிரியாகப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். அங்கிருந்தவர்கள் வண்டியில் ஊர்ந்தபடி சாலையைப் பார்க்க, இவர்கள் இறங்கி நடந்து புதரைப் பார்த்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே சமூகத்தைச் சேர்ந்த பலர் இந்த மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட கதையும் இதே காலத்ததுதான்.

புற்றைப் பற்றி ஒரு வார்த்தை. திருவள்ளூர் அருகே புட்லூரில் அம்மன் புற்று வடிவில் படுத்திருக்கிறாள். பாலும் முட்டையும் படைக்கும் புற்றுகள் ஊருக்கு ஊர் உண்டு. புற்றைக் கட்டியது கறையான். நல்ல பாம்பு குடிவந்த விருந்தாளி. வெளியே வெயில் கொளுத்தும்போதும் புற்றின் ஆழத்தில் சூடும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை, அதனால்தான் வருகிறது. சாரையும் உடும்பும் கூட இதே காரணத்துக்காக அங்கே ஒதுங்கும். பாலை அது குடிக்காது. ஆனால் புற்றை யாரும் இடிக்காமல் வைத்திருக்கும் நம்பிக்கைக்காக நான் அதோடு சண்டைக்குப் போவதில்லை.

பாம்பைப் படமெடுக்கும்போது தூரமே பாதுகாப்பு. நீளமான லென்ஸ், கணுக்கால் மூடிய காலணி, கண் போகாத இடத்தில் கை போகாத ஒழுக்கம். 2020இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறி ரத்தம் விடுவது, பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை.

அடையாளத்துக்கு எந்தப் படம் தேவை என்பதைக் கட்டுவிரியனை வைத்துச் சொல்லலாம். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை இரவில் வலி தெரியாமல் கடிப்பது அது. அதைப் போலவே கருமையும் வெண்பட்டையுமாக இருக்கும் ஓநாய்ப் பாம்பு நஞ்சற்றது. பல்லி தின்பதற்காக வீட்டுக்குள் வரும். இரண்டையும் பிரிக்க மூன்று கோணங்கள் போதும். கழுத்தருகே பட்டைகள் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கினால் ஓநாய்ப் பாம்பு. கழுத்தருகே மங்கலாகி வால் பக்கம் பளிச்சென்று இருந்தால் கட்டுவிரியன். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக அறுகோண வடிவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், கட்டுவிரியன்தான். ஆகவே மேலிருந்து முழு உடல், பக்கவாட்டில் தலை, நடு முதுகின் நெருக்கம். பார்க்க அழகாக, பின்னணி மங்கி, கண் மட்டும் கூர்மையாக வந்த படத்தை நண்பர்கள் பாராட்டுவார்கள். அதை வைத்து இனம் சொல்லச் சொன்னால் நிபுணர் கையை விரிப்பார்.

படத்துக்காகச் செய்யும் அட்டூழியங்களும் இருக்கின்றன. துறுதுறுப்பான பல்லியை அடக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பது உலகம் முழுக்க உள்ள கெட்ட பழக்கம். சூட்டைக் கடன் வாங்கி வாழும் உயிரின் கடனைப் பறித்துவிட்டு ‘அமைதியாக அமர்ந்திருக்கிறது’ என்று தலைப்பிடுகிறார்கள். நத்தைமேல் சவாரி செய்யும் தவளை, குடை பிடிக்கும் தவளை எல்லாம் பெரும்பாலும் மேசைமேல் அரங்கேறிய நாடகங்கள். அடர்ந்த இருட்டுக்குப் பழகிய தவளையின்மேல் விளக்கைத் தொடர்ந்து அடித்தால் அது இரையைக் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்று ஆய்வாளர் பிரையன்ட் புக்கானன் 1993இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். ஓரிரண்டு ஃபிளாஷ் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். தவளையைக் கையில் எடுக்காமல் இருப்பதும், ஒரு குட்டையின் சேற்றை அடுத்த ஏரிக்குக் காலணியில் சுமந்து போகாமல் கழுவிக் காயவைப்பதும் அவசியம். கைட்ரிட் என்னும் தோல் பூஞ்சை நோய் உலகில் குறைந்தது 501 இருவாழ்வி இனங்களைக் குறைத்து, அவற்றில் 90 இனங்களை அழித்துவிட்டதாக 2019இல் கணக்கிட்டார்கள். அந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது.

பழவேற்காட்டுக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்கலாம். ஓதம் வடிந்த சேற்றில் மீனைத் துரத்தும் நாய்முகப் பாம்பு அந்த உவர்நீருக்கே உரியது. முட்டையிடாமல் குட்டி போடும், லேசான நஞ்சு, மனிதருக்கு ஆபத்தில்லை. மணல் மேட்டின் அடம்பங்கொடிக்குள் கடற்கரை அரணை சரசரக்கும். தை, மாசியில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். அவற்றுக்கும் சூடுதான் விதி: முட்டை புதைந்த மணல் சூடானால் பெண், சூடு குறைந்தால் ஆண். குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். துறைமுகத்து விளக்கும் நம் ஃபிளாஷும் அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். இங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே முறை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைய முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் சாரையும் கூட உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கின்றன. தொட்டுப் பிடித்துக் காட்டும் வீடியோ, எடுத்தவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஏரிக்கரை, வயல்வரப்பு, ரோட்டோரம் இவையே தேடுவதற்குப் போதும். வரப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் டீயும் கிடைக்கும், எங்கே பார்த்தார் என்ற தகவலும் கிடைக்கும்.

எடுத்த படத்தை என்ன செய்வது என்பது எடுப்பதைவிடச் சிக்கலான கேள்வி. கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. சிப்காட் ஒவ்வொரு பக்கமாக விரிகிறது. நிலம் மாறுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன ஊர்ந்தன, கத்தின என்பதற்குத் தேதியும் இடமும் உள்ள சாதாரணப் படங்கள்தான் ஆதாரம். ஆனால் அதே இடக்குறிப்பு திருடனுக்கும் உதவும். 1999இல் சீனாவில் ஓர் அழகான பல்லி இனம் விவரிக்கப்பட்டதும் செல்லப்பிராணி வணிகர்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் போய் அந்த இடத்தைத் துடைத்து எடுத்தார்கள். நம் பக்கத்துப் புதர்க்காட்டின் நட்சத்திர ஆமைக்கு 2019 முதல் உலக வணிகத்தில் முழுத் தடை. ஆனாலும் கடத்தல் ஓயவில்லை. தரங்கம்பாடி மறைப்பணியாளர் ஜானின் பெயரைத் தாங்கிய இருதலை மண்ணுளிப் பாம்புக்குக் கோடி விலை என்று புரளி கிளப்பும் கும்பல்கள் வேறு. எனவே இந்த இரண்டும், உடும்பும், பச்சோந்தியும் படத்தில் இருந்தால் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டால் மட்டும் போதாது. செல்பேசி தானாகவே படத்துக்குள் பதிந்துவைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அழிக்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பதிவுத் தளங்கள் அழிவு அபாயமுள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே சுமார் 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் கலைத்துக் காட்டுகின்றன. கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட அது பெரியது. சரியான இடம் வேண்டும் என்று கேட்டுவரும் ஆய்வாளருக்கு, ஆள் யார் என்று உறுதி செய்துகொண்டு, தனியே கொடுக்கலாம்.